உயர்தரம் எழுதிய மகள் உலாவிக்குக் கோட் எழுதுகிறாள்: தலவாக்கலை அம்மாவுக்குப் பதில்

அம்மா, உயர்தரப் பெறுபேறு வரும்வரை மகள் கண்விழித்து இணைய உலாவிக்குச் சம்பளமில்லாமல் கோட் எழுதுகிறாள், இது மோசடியா, இதனால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சொல்லும் கேடிஈ, ஃபயர்ஃபொக்ஸ் இரண்டும் மோசடி இல்லை. ஃபயர்ஃபொக்ஸ் ஓர் உலாவி. கேடிஈ 1996இல் தொடங்கிய, லினக்ஸ் கணினிகளுக்கான திறமூல டெஸ்க்டொப்; அதாவது அதன் கோட்டை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். அதன் கொங்கரர் உலாவிக்கு எழுதிய கேஎச்டிஎம்எல் இயந்திரத்தை, அதாவது இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதியை, எடுத்துத்தான் அப்பிள் தன் சஃபாரி உலாவிக்கான வெப்கிட்டை உருவாக்கியது. 2013இல் கூகுள் அதிலிருந்து தன் குரோமுக்குப் பிளிங்க் என்ற இயந்திரத்தைப் பிரித்தெடுத்தது. உங்கள் போனில் உள்ள குரோமின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சம்பளம் இப்போதைக்கு இல்லைதான். ஆனால் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒவ்வொரு மாற்றமும் அவள் பெயரோடு பொதுவில் நிற்கும். கொழும்புக் கம்பனிகளில் தெரிந்தவர் இல்லாத மலையகப் பிள்ளைக்கு, நேர்முகத்தில் திறந்து காட்ட இதைவிட நல்ல சாட்சி இல்லை. மூன்று மாதக் கோர்ஸ் சான்றிதழை நான் இதற்குக் கீழேதான் வைப்பேன். அதற்காகப் பட்டப்படிப்பை விடச் சொல்லவில்லை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அனுமதி கிடைக்காவிட்டால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பிஐடி (தகவல் தொழில்நுட்பப் பட்டம்) இருக்கிறது.

இனி மகளுக்கு. முதலில் லெப்டொப்பைப் பாருங்கள். குரோமின் திறமூல அடித்தளமான குரோமியத்தை முழுதாகக் கட்ட, அதாவது கோட்டை ஓடும் செயலியாக்க, டிஸ்க்கில் 100 ஜிபியாவது வேண்டும், அதை விட்டுவிடுங்கள். ஃபயர்ஃபொக்ஸில் ‘ஆர்டிஃபக்ட் பில்ட்’ என்ற வழி உண்டு. சி++, ரஸ்ட் மொழிகளில் உள்ள பகுதிகள் தயாராக இறங்கிவிடும், நீங்கள் ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் பகுதியை மட்டும் மாற்றலாம். 8 ஜிபி ரேம் போதும். இந்த முறையில் சி++ கோப்பைத் திருத்தினால் பிழை எதுவும் காட்டாது, திருத்தம் உள்ளே போகவும் செய்யாது. ‘ஏன் எதுவும் மாறவில்லை’ என்று இரண்டு நாள் தலையை உடைப்பீர்கள்.

சி++ தான் வேண்டும் என்றால் கேடிஈயில் ஃபால்கன் (உலாவி), கேட் (உரை எழுதி), டொல்பின் (கோப்பு மேலாளர்) போன்ற ஒரே ஒரு செயலியை எடுங்கள். பழைய உபுண்டு லினக்ஸில் தொடங்கினால், கட்டுவதற்கு ஆயத்தம் செய்யும் சிமேக் கருவி ‘நூலகப் பதிப்பு போதாது’ என்று நின்றுவிடும். ஃபெடோரா போல அடிக்கடி புதுப்பிக்கும் லினக்ஸ் நல்லது. தேவையான நூலகங்களைக் கட்டித்தர கேடிஈ-பில்டர் என்ற கருவி இருக்கிறது. கம்பைல் பாதியில் ‘கில்ட்’ என்று செத்தால் அநேகமாக ரேம் தீர்ந்திருக்கும். ஒரே நேரத்தில் 2 கோப்பு மட்டும் ஓடும்படி குறையுங்கள்.

டேட்டாவும் கரண்டும் தனிப் பிரச்சினை. கோட்டை இறக்கும் கிட் குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முழுவதும் முதலிலிருந்து. மழைக்கால மாலையில் தொடங்காதீர்கள். கேடிஈ செயலி என்றால் கடைசி நிலையை மட்டும் எடுக்கும் ஆழம்-1 குளோன் போதும். ஃபயர்ஃபொக்ஸுக்கு அதைச் செய்ய வேண்டாம். கோட்டின் பழைய மாற்ற வரலாறு இல்லாமல், பொருந்தும் ஆர்டிஃபக்டை, அதாவது அந்தத் தயார்ப் பகுதிகளை, அது தேடிப்பிடிக்கத் தடுமாறும்.

முதல் வேலையாகப் புதிய வசதியை எடுக்காதீர்கள். வசதி என்றால் வடிவமைப்பாளர்களின் சம்மதம் முதலில் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாத உழைப்பு ஒரு வரியில் திரும்பிவரும். தமிழர் கண்ணுக்கு மட்டும் தெரியும் பிழைகள் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள். ‘கொட்டகலை’ என்று கோப்புக்குப் பெயர் வையுங்கள். ‘கொ’வின் உயிர்க்குறியை யுனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு விதத்தில் பெயர் வைத்து மற்ற விதத்தில் தேடிப் பாருங்கள். அகப்படாவிட்டால் அது பிழை. நீளமான பெயரைச் சுருக்கும் இடத்தில் கொம்பும் காலும் அறுந்து ‘க’ மட்டும் நிற்கிறதா என்றும் பாருங்கள். இதை ஒரு ஜெர்மன்காரர் தற்செயலாகக் கண்டுபிடிக்க மாட்டார்.

பிழையைப் பக்சில்லா என்ற பிழைப்பதிவுத் தளத்தில் பதிந்து, ‘நான் செய்கிறேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் அனுப்பும் ஒரு மாற்றக் கோரிக்கையில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றத்தோடு சேர்த்து எழுதும் கமிட் செய்தியில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்பது முக்கியம். ‘இதைத் திருத்து’ என்று பதில் வந்தால் அது நிராகரிப்பு இல்லை. அதே கோரிக்கையிலேயே திருத்தி அனுப்புங்கள், புதிதாக இன்னொரு கோரிக்கை திறந்தால் பார்ப்பவர் எரிச்சலடைவார். ஒரு வாரம் சத்தமில்லாவிட்டால் பணிவாக ஒருமுறை கேட்கலாம். ஏஐ எழுதியதை விளங்காமல் அனுப்பினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

பணம் தரும் வழி, திறமூலத் திட்டங்களுக்குப் புதியவர்களை எடுக்கும் கூகுள் சம்மர் ஒப் கோட். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் அதில் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தார்கள். விண்ணப்பத்துக்கு முன்பே அந்தத் திட்டத்தில் இரண்டு மூன்று சிறு திருத்தங்கள் சேர்ந்திருந்தால் கை ஓங்கும். அம்மா, இதற்கெல்லாம் யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

கண்விழிப்புக்கு ஒரு கணக்கு வையுங்கள்: இரவு பத்தரைக்கு மூடச் சொல்லுங்கள், பகலில் இரண்டு மணி நேரம் தொந்தரவில்லாமல் விடுங்கள். மூன்று மாதம் கழித்து ‘உன் திருத்தங்களில் எத்தனை சேர்ந்தது?’ என்று கேளுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் பிள்ளைக்குத் திறமையில்லை என்று எடுக்க வேண்டாம், பெரும்பாலும் எடுத்த வேலை பெரிதாக இருந்திருக்கும். அதைவிடச் சின்னதாக ஒன்றைத் தேடச் சொல்லுங்கள்.