துருசடியில் ஓர்க் கூட்டம்

அன்புள்ள அண்ணா,

லண்டனில் இருக்கும் மாமா இந்தமுறை வந்தபோது ஒரு பெட்டி நிறையப் பழைய ஈயப் பொம்மைகள் தந்தார். எண்பதுகளில் அவர் வாங்கிச் சேர்த்தவை: கற்பனைக் கதைகளில் வரும் ஓர்க்குகள், கொப்ளின்கள் என்ற அரக்கர்கள், வாள்வீரர்கள், ஒரு மந்திரவாதி. சிலவற்றின் அடியில் சிட்டடெல் என்றும் சிலவற்றில் ரால் பார்த்தா என்றும் நிறுவனப் பெயர் இருக்கிறது. இவற்றை வைத்து ஒரு டயோராமா, அதாவது சின்ன மாதிரிக் காட்சி, செய்ய ஆசை. யூரியூப்பில் எல்லோரும் பனிமலையும் கோட்டையும் செய்கிறார்கள். நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை. அம்மாவோ, “கண்ட சண்டை காணாதே, இனிப் பொம்மைச் சண்டையும் வேணுமோ” என்கிறா. இரண்டு மூன்று பொம்மைகளில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. மாமா அடித்த பெயின்ற்றைக் கழற்றலாமா? எங்கே தொடங்குவது?

த., புதுக்குடியிருப்பு

அன்புள்ள த.,

வெள்ளைத் தூளில் தொடங்குகிறேன், அது காத்திருக்காது. ரால் பார்த்தா 1975இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்கிய நிறுவனம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நியூயோர்க் மாநிலத்தில் ஈயத்துக்கு எதிரான சட்டம் வந்தபோதுதான் ஈயமில்லாக் கலவைக்கு மாறியது. ஆகவே எண்பதுகளின் உலோகப் பொம்மை என்றால், எந்த நிறுவனமாக இருந்தாலும், ஈயம் கலந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அசற்றிக்கமிலத்தின் ஆவியும் ஈரக்காற்றும் சேர்ந்தால் ஈயம் அரித்து, ஈயக் காபனேற்று என்ற வெள்ளைத் தூளாகும். அந்தக் காலத்தில் வெள்ளைப் பெயின்ற்றுக்கான ஈயவெள்ளையை வினாகிரி ஆவியில் ஈயத்தகட்டை வைத்துத்தான் செய்தார்கள். உங்கள் பெட்டிக்குள் நடப்பதும் அதே வேலை.

தூள் நஞ்சு. கையுறையும் முகக்கவசமும் போட்டு, பழைய பேப்பர் விரித்து, ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்த பிரஷால் தட்ட வேண்டாம், அரத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். துணியையும் பேப்பரையும் பையில் கட்டி எறியுங்கள். பூத்த பொம்மைகள் தனியாக இருக்கட்டும். மற்றவற்றுக்கு அடிப்பாகம் உட்பட முழுக்கப் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடியுங்கள்.

அமிலம் எங்கிருந்து வருகிறது? மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, சில மரங்கள், மட்டைப்பெட்டி, வினாகிரி மணக்கும் சிலிக்கன் பசை, நன்றாகக் காயாத வெள்ளைப்பசை. டயோராமாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதானால் பசை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பின்பக்கம் இரண்டு சின்னக் காற்றுத்துளையும் வேண்டும். நம்முடைய ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் பெட்டியை மூடவே மூடாதீர்கள். மாசி, பங்குனி வரை பொறுங்கள்.

சரி, காட்சிக்கு வருவோம். பெட்டியில் இருந்து ஒரு வாள்வீரனை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். ஆள் மெல்லிசு. இரண்டு வட்டமான றப்பர் அச்சுகளுக்கு இடையில் உருகிய உலோகத்தை ஊற்றி, அச்சைச் சுழற்றி வார்த்தவை இவை. பெரும்பாலும் முழு ஆளும் ஒரே துண்டு. கை முன்னுக்கு நீண்டால் அச்சைவிட்டுக் கழலாது. அதனால் சிற்பி வாளை வலத்திலும் கேடயத்தை இடத்திலுமாக விரித்துவிட்டார். முன்னால் நின்று பார்த்தால் கம்பீரம், பக்கத்தில் நின்று பார்த்தால் தகடு.

இப்போது இரண்டு பேரைச் சண்டைக்கு எதிரெதிரே நிறுத்திப் பாருங்கள். தெரிவது இரண்டு தகட்டின் ஓரம்தான். வாள் வாளைத் தொடாது, ஒருவன் அடிக்கிறான் என்றே தோன்றாது. அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் பொம்மைகளும் அம்மாவின் கட்சிதான்.

இந்த மாதிரிப் பொம்மைகளுக்குப் பொருந்துவது, எல்லோரும் ஒரே பொருளைப் பார்த்து நிற்கும் காட்சி. அந்தப் பொருளை மேடையின் முன்விளிம்பில், பார்ப்பவர் பக்கமாக, தாழ்வாக வையுங்கள். முகங்கள் எல்லாம் தானாக நம் பக்கம் திரும்பும். படத்துக்கு நிற்கிறார்கள் என்றும் தோன்றாது, ஏனென்றால் அவர்கள் பார்ப்பதற்கு ஒன்று அங்கே இருக்கிறது.

பனிமலையை விடுங்கள். பிறந்ததிலிருந்து நீங்கள் பார்க்கும் குளக்கட்டு இருக்கிறது. வயல் பக்கம் நின்று கட்டைப் பார்க்கிறோம். முன்விளிம்பில் துருசிலிருந்து, அதாவது குளத்து மதகிலிருந்து, வரும் வாய்க்கால், சொட்டுத் தண்ணீர் இல்லை. கட்டின் மேல் வந்த ஓர்க் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு கொப்ளின்கள் சரிவில் பாதி இறங்கிவிட்டன. கையைத் தூக்கி நிற்கும் மந்திரவாதிக்குக் கட்டின் நடுவில் இடம், கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் பேச எழுந்தவரைப் போல. ஒரேயொரு கொப்ளின் மட்டும் வாய்க்காலுக்குள் நமக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். அதன் தோளுக்கு மேலால் நம் பார்வை உள்ளே போகும். ஏழெட்டுப் பேர் போதும். பெட்டியில் உள்ள எல்லோரையும் ஏற்றத்தான் ஆசை வரும், ஏற்றினால் அது கடை அலுமாரி.

அளவுக் கணக்கு இப்படி. பாதத்திலிருந்து கண் வரை 25 மில்லிமீற்றர் உள்ள பொம்மைக்கு ஒரு மீற்றரை ஒன்றரைச் சென்ரிமீற்றராக எடுங்கள். 4 மீற்றர் உயரக் கட்டு 6 சென்ரிமீற்றர். ஒரு கிலோமீற்றர் நீளக் கட்டை அப்படியே செய்தால் 15 மீற்றர் வந்துவிடும், ஆகவே ஒரு துண்டை மட்டும் எடுங்கள். மேடை 30க்கு 20 சென்ரிமீற்றர் தாராளம். 20 மீற்றர் பனை 30 சென்ரிமீற்றர் வரும். அதை நட்டால் ஓர்க்கை யார் பார்ப்பார்கள்? மருதமரத்தின் அடியையும் வேரையும் மட்டும் ஒரு மூலையில் வையுங்கள், மிச்ச மரம் பெட்டிக்கு மேலே இருப்பதாகக் கண் நம்பிக்கொள்ளும்.

பசையைத் தொடுவதற்கு முன் மட்டையாலும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையாலும் வெறும் மாதிரி ஒன்று செய்து, பொம்மைகளைப் புளூ டாக் என்ற கழற்றி ஒட்டும் பசையில் நிறுத்துங்கள். போனைக் கொப்ளினின் கண்மட்டத்துக்கு இறக்கிப் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். யார் யாரை மறைக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். கட்டு மேடை விளிம்புக்கு நேர் இணையாக ஓட வேண்டாம், சற்றுச் சாய்த்துவிடுங்கள்.

பொருட்களுக்குக் கடை தேடி அலைய வேண்டியதில்லை. புற்றுமண்ணை அரித்து, பூச்சி போகச் சட்டியில் வறுத்தால் தரை தயார். பசை பட்டால் மண் கறுக்கும், ஆகவே அதற்கும் மேலே நிறம் தீட்டத்தான் வேண்டும். காய்ந்த துளசிக் கொப்பு பற்றைக்கு, நறுக்கிய தும்பு புல்லுக்கு. வாய்க்காலின் வெடிப்புக்கு உண்மையான களியையே பூசுங்கள். மெல்லிசாகப் பூசினால் வெடிப்பு சின்னது, தடிப்பாகப் பூசினால் பெரியது. நமக்கு வேண்டியது மிக மெல்லிய பூச்சு. ரெஜிபோம் மேல் நேரே ஸ்பிரே அடித்தால் கரைந்துவிடும், முதலில் பசையும் மண்ணும் பூசி மூடுங்கள்.

மாமாவின் பெயின்ற்றைக் கழற்ற டெற்றோல் போதும். தண்ணீர் கலக்காமல் போத்தலில் ஊறவைத்து, கையுறையோடு பழைய பற்தூரிகையால் தேயுங்கள். பெயின்ற் உரிந்து முடியும் வரை தண்ணீரில் கழுவக் கூடாது, பிசினாகி ஒட்டிக்கொள்ளும். ஆனால் மந்திரவாதியைத் தொடுவதற்கு முன் மாமாவுக்கு ஒரு போன் எடுத்துக் கேளுங்கள். பள்ளிக்கூடக் காலத்தில் தீட்டியதாக இருந்தால், வழிந்த நிறத்தோடு அப்படியே கட்டின்மேல் நிற்கட்டும்.