மூன்றாவது கிடங்கு

அன்புள்ள ஐயா,

சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் 18 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். 3 கிடங்குகள் என் பொறுப்பில் இருக்கின்றன. மேலாண்மையில் முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பிஎச்.டி.யா, டி.பி.ஏ. என்கிற வணிக நிர்வாக முனைவர் பட்டமா என்று குழப்பம். ‘டிஜிட்டல் மாற்றம் ஊழியர் செயல்திறனில் ஏற்படுத்தும் தாக்கம்’ என்ற தலைப்பை எடுத்துக்கொள், 300 பேருக்கு வினாப்பட்டியல் கொடுத்தால் வேலை முடிந்தது என்கிறார் நண்பர். எங்களிடமும் அந்த மாற்றம் வந்தது. மூன்று கிடங்கிலும் ஒரே சாஃப்ட்வேர்தான். இரண்டில் நன்றாக ஓடுகிறது, மூன்றாவதில் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்கள். 46 வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வயது ஒரு தடையே இல்லை. இன்று பெரும்பாலான டி.பி.ஏ. படிப்புகள் உங்களைப் போல வேலையில் இருப்பவர்களுக்காகவே நடக்கின்றன. பேராசிரியர் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் பிஎச்.டி. செய்யுங்கள். செய்யும் தொழிலில் உள்ள சிக்கலை ஆராய டி.பி.ஏ. போதும். ஆனால் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாத் 1975இல் ஹார்வர்டில் பெற்றது டி.பி.ஏ.தான், அங்கே அப்போது அது முழுக்க முழுக்க ஆய்வுப் பட்டமாக இருந்தது.

நண்பர் சொன்ன தலைப்பு வேண்டாம். அந்த வினாப்பட்டியல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘புதிய தொழில்நுட்பம் என் வேலையை எளிதாக்குகிறது’ என்று ஒரு வரி, பக்கத்தில் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ முதல் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ வரை 5 கட்டங்கள். மேலாளர் கொடுத்த தாள் என்பதால் ஊழியர் நான்காவது கட்டத்தில் டிக் அடிப்பார். கீழே ‘என் செயல்திறன் கூடியிருக்கிறது’ என்று இருக்கும், அதிலும் நான்கு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஒரே தாளில் சொன்ன இரண்டு பதில்கள் ஒத்துப்போகாமல் வேறென்ன செய்யும்? விவரம் தெரிந்த தேர்வாளர் முதலில் கைவைப்பது அங்கேதான்.

மேலாண்மை அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1968இல் முடித்த முனைவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது வெறும் 5 தலைமை நிர்வாகிகளை. ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து, அவர்கள் செய்வதையெல்லாம் குறித்துக்கொண்டார். நிர்வாகி திட்டமிடுவார், ஒருங்கிணைப்பார், கட்டுப்படுத்துவார் என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர் பார்த்தபோது, அவர்களுடைய வேலைகளில் பாதி 9 நிமிடம்கூட நீடிக்கவில்லை. நிர்வாகியின் வேலையைப் பற்றிய பேச்சே அதன்பின் மாறியது.

உங்களுக்கான ஆய்வு அந்த மூன்றாவது கிடங்கில் இருக்கிறது. கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்கோ அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. பயனுள்ளது, கையாள எளிது என்று தோன்றினால் மக்கள் தொழில்நுட்பத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1989இல் ஒரு கோட்பாட்டு மாதிரியை முன்வைத்தார். அதை வைத்து எத்தனையோ ஆய்வேடுகள் வந்துவிட்டன. உங்களிடம் அதே நிறுவனம், அதே சாஃப்ட்வேர். ஒரு கிடங்கு மட்டும் ஏன் ஏற்கவில்லை? நோட்டை யார் வைத்திருக்கிறார், சரக்கு இறங்கும்போதே எழுதுகிறாரா, மாலையில் உட்கார்ந்து எழுதுகிறாரா? உடைந்து வந்த பெட்டியைப் பதிய சாஃப்ட்வேரில் இடம் இருக்கிறதா? சரக்கு குறைந்தால் பழி தன் தலையில் விழாதபடி தன் கையெழுத்தில் ஒரு சாட்சி வேண்டும் என்று நினைக்கிறாரா? பதிலைப் பொறுத்து நீங்கள் படிக்கவேண்டிய நூல்களே மாறும்.

ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் அவர்களுடைய மேலதிகாரி, உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் அது அவர்களுக்கு எதிராகத் திரும்பக்கூடாது. நேர்காணலை வெளியாள் ஒருவர் நடத்துவது, பெயர்களை மறைப்பது, நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்குவது, இதையெல்லாம் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைத் தேடும்போது அவரிடம் கடைசியாகப் பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகளில் இரண்டையாவது படித்துப் பாருங்கள். பிறகு அந்தக் கிடங்கைப் பற்றி 2 பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். படித்ததும் ‘சாம்பிள் எத்தனை பேர்?’ என்று தொடங்கினால் வேறு ஒருவரைத் தேடலாம். ‘அந்த நோட்டை நான் பார்க்க முடியுமா?’ என்று கேட்டால் அவரிடமே சேர்ந்துவிடுங்கள்.