கண்ணாடியில் தெரிந்த தம்பி – கடிதம்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நான் பினாங்கில் படிக்கும் மாணவி. பெயரை வெளியிட வேண்டாம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் தொழில் செய்பவர்களைப் பற்றிச் சிறு ஆவணப்படங்கள் எடுத்து வருகிறோம். ஒவ்வொன்றும் ஆறு நிமிடம். மாலை கட்டும் அம்மா, சோங்கோக் (மலாய்க்காரர்கள் அணியும் தொப்பி) தைக்கும் பெரியவர், மசாலா மில் வைத்திருப்பவர், முடிதிருத்தும் கடைக்காரர் என்று நான்கு முடிந்துவிட்டன. பார்த்தவர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். விரிவுரையாளரும் பாராட்டினார். ஆனால் நான்கையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது. முகம்தான் மாறுகிறது, படம் மாறவில்லை. நால்வருமே முடிவில், “எனக்கப்புறம் இதைச் செய்ய ஆள் இல்லை” என்கிறார்கள். உண்மையிலேயே எல்லார் கதையும் ஒன்றுதானா, இல்லை நாங்கள் கேட்கும் விதத்தில் கோளாறா? சுட்டிகளை அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. இந்தப் படங்களை ஒரு மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திரையிட நினைக்கிறோம். அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

அன்புடன்,
ஒரு மாணவி, பினாங்கு

அன்புள்ள மாணவிக்கு,

நான்கையும் பார்த்தேன். முடிதிருத்தும் கடைப் படத்தை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் “எனக்கப்புறம் ஆள் இல்லை” என்று சொல்லும்போது, அவருக்குப் பின்னாலிருக்கும் கண்ணாடியில் ஒரு தம்பி வாடிக்கையாளருக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கிறார். கைச்சுத்தமான வேலை. படத்தில் அங்கங்கே வந்துபோகிறார். உங்களில் ஒருவர்கூட அவரிடம் பேசவில்லை. ஓரிடத்தில் அவர் தரையைக் கூட்ட வரும்போது கேமராவே ஒதுங்கிப் போகிறது!

உங்கள் கேள்விக்கு அந்தக் கண்ணாடியே பதில் சொல்லிவிட்டது. மகன், பேரன் என்று வாரிசைத் தேடிக்கொண்டு போயிருக்கிறீர்கள். வாரிசு இல்லையென்றதும் தொழிலே முடிந்துவிட்டது என்று நீங்களாகவே எழுதிக்கொண்டீர்கள். நான்கு படத்திலும் கடைசிக் கேள்வி, “உங்களுக்குப் பிறகு யாருங்க?” நம்மாட்களிடம் இப்படிக் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? வெயிலில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வராது. எதைக் கேட்க வந்திருக்கிறீர்கள் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும். அதைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் தம்பி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று பேச்சை வைத்து ஊகிக்கிறேன். முடிதிருத்தகம், ஜவுளி, நகைத்தொழில் ஆகிய மூன்றுக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை மலேசிய அரசாங்கம் 2009இல் நிறுத்தி வைத்தது. கடைக்காரர்களின் சங்கங்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் 2023இல்தான் வழி திறந்தது. இவ்வளவையும் பார்த்த ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் “ஆள் இல்லை” என்றால், அவர் மகனைப் பற்றிப் பேசுகிறாரா, வெளிநாட்டு ஆளுக்கான வேலை பெர்மிட்டைப் பற்றிப் பேசுகிறாரா? எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது. எரிச்சலோடு சொல்கிறார், முகத்தைப் பாருங்கள். நீங்கள் அதன்மேல் புல்லாங்குழலை ஏற்றிச் சோகமாக்கிவிட்டீர்கள். (நான்கு படத்திலும் அதே புல்லாங்குழல். இலவசமாகக் கிடைத்தது என்று நினைக்கிறேன்.)

இனி அந்தத் தம்பியிடம் போவதாக இருந்தால் ஒரு விஷயம். முதலாளி “எடுங்கம்மா” என்று சொன்னது அவருக்கும் சேர்த்துச் சொன்னதாகாது. முதலாளி இல்லாத நேரத்தில், கேமரா இல்லாமல், தனியாகக் கேளுங்கள். அவர் பெர்மிட் எந்த நிலையில் இருக்கிறதோ, ஊரில் வீட்டாரிடம் என்ன வேலை என்று சொல்லியிருக்கிறாரோ, நமக்குத் தெரியாது. கடைப் பலகையும் அவர் முகமும் ஒரே சட்டகத்தில் இணையத்தில் கிடந்தால் அதற்கு விலை கொடுக்கப்போவது நீங்களல்ல. அவர் வேண்டாம் என்றால் இப்போது படத்தில் இருப்பதையும் எடுத்துவிட வேண்டும். சரி என்றால் அந்தப் படத்தைப் புதிதாகவே எடுங்கள், இருவரையும் வைத்து. யார் யாருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம். தம்பி வரும்போதே கற்றுக்கொண்டு வந்தவராகவும் இருக்கலாம்.

மில் படத்தில் அவர், “காலம் மாறிப்போச்சு” என்கிறார். நீங்களும் தலையாட்டிவிட்டு ட்ரோனை மேலே அனுப்பிக் கூரைகளைக் காட்டுகிறீர்கள். அந்தக் கூரைகளுக்கு அடியில் நடந்தது என்ன? 1948 ஜனவரி 31க்குள் கட்டி முடித்த கட்டடங்களுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாதபடி 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் ஏழை எளியவர்கள் தாக்குப்பிடித்தது அதனால்தான். 1997இல் அதை ரத்து செய்தார்கள். 2000 பிறந்தபோது பாதுகாப்பு முழுக்கப் போய்விட்டது. வாடகை எகிறியது, பலர் காலி செய்துகொண்டு போனார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்ந்தபின் கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறத் தொடங்கின. மில்காரரிடம், “2000இல் வாடகை என்ன, இப்போது என்ன?” என்று கேட்டிருந்தால் அவர் காலத்தைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார், கணக்குப் புத்தகத்தை எடுத்திருப்பார். ஒருவேளை அது அவருடைய சொந்தக் கட்டடமாக இருந்தால்? அப்போது கதையே வேறு. மில் ஓடும் இரைச்சலையும் அடக்கிவிட்டீர்கள். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

சோங்கோக் படத்தில் ஆறு நிமிடமும் பெரியவர் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார், ஒரு சோங்கோக்கூட முடிவதில்லை. வெல்வெட்டை வெட்டுவது, உள்ளே அட்டை வைத்து விறைப்பாக்குவது, லைனிங் தைப்பது எல்லாம்தான் படம். நோன்புப் பெருநாளுக்கு முன் வரும் வேலைக்கும் மற்ற மாதங்களின் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் கேளுங்கள்.

மாலை கட்டும் அம்மாவை நீங்கள் மத்தியானத்தில் எடுத்திருக்கிறீர்கள், நிழலை வைத்துச் சொல்கிறேன். பூக்கூடை வந்து இறங்கும் நேரத்துக்குப் போயிருக்க வேண்டும். சாமந்தி கேமரன் மலையிலிருந்தா, மல்லிகை எங்கிருந்து, வாடியது வந்தால் நஷ்டம் யாருக்கு? பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்துக்குச் செட்டியார்களின் வெள்ளி ரதம் 1894லிருந்து ஓடுகிறது. 2017 முதல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் வருகிறது. அதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கருத்து உண்டு. பூக்கடைக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டார்களா? மாலை கூடுதலாகப் போகிறதா, அதே மாலைகள் இரண்டாகப் பிரிகின்றனவா? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் அந்த அம்மா. அவரிடம் போய் உங்களுக்குப் பிறகு யார் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

திரையிடல்: 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி பொதுவில் காட்டும் படத்துக்குத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஆவணப்படத்துக்கும் அதுதான். 2013இல் கோலாலம்பூரில் ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆவணப்படத்தைத் திரையிட்டதற்காக மனித உரிமை அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண்மீது வழக்குப் போட்டார்கள். 2017இல் 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். அது போர்க்குற்றம் பற்றிய படம், உங்களுடையது பூக்கடை. இருந்தாலும் சட்டத்தில் பூக்கடைக்குத் தனி விலக்கு இல்லை. விரிவுரையாளரிடம் சொல்லிக் கல்லூரியின் பெயரில் விண்ணப்பியுங்கள். முடிதிருத்தும் கடைப் படத்தை இப்போதைக்கு அதில் சேர்க்காதீர்கள். இணையத்தில் ஏற்றியிருந்தால் இன்றே இறக்கிவிடுங்கள்.