குழலைக் கழற்றும் முன்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். பழைய ராணுவ ரைஃபிள், குழல் போய்விட்டது, புதுசு எங்கே கிடைக்கும்? படைக்கலப் பட்டறையில் முப்பது வருடம் எண்ணெய்க் கையோடு திரிந்தவன் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன பிரிட்டிஷ் ராணுவ லீ-என்ஃபீல்ட் 4ஆம் எண் ரைஃபிள் உரிமத்தோடு என்னிடம் இருக்கிறது. குழலுக்குள் ஒரே இருட்டு. ஐந்து வரிப்பள்ளம் (குண்டைச் சுழற்றிவிடும் சுருள் பள்ளம்) இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் தெரிகிறது. மற்ற மூன்றும் தேய்ந்துவிட்டதாக நண்பர் சொல்கிறார். மாற்றுக் குழல் எங்கே தேடுவது?

பதில்: இப்போதைக்குத் தேடாதீர்கள். ஐந்தில் மூன்று மட்டும் அடையாளமே இல்லாமல் தேய்ந்து, இரண்டு மட்டும் கூராக நிற்காது. தேய்மானத்துக்கு அப்படி ஓரவஞ்சனை தெரியாது. உங்கள் குழல் பிறந்ததே இரண்டு பள்ளத்தோடுதான். இரண்டாம் உலகப்போரில் நேரத்தை மிச்சப்படுத்த கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையும் அமெரிக்காவின் சேவேஜும் அப்படிச் செய்தன. அமெரிக்கர்கள் தங்கள் சொந்த எம்1903ஏ3-க்கும் இரண்டு பள்ளக் குழல் போட்டார்கள். போருக்குப் போதுமான அளவுக்கு நன்றாகவே சுட்டது.

இருட்டு வேறு கதை. பழைய ராணுவத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலில் தங்குவது ஒரு வகை உப்பு. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அடியில் துருவை வளர்க்கும். எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் உப்பு கரையாது, மேலே மூடி போட்ட மாதிரிதான். தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் பழைய சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றினார்கள். இரும்பு சூடேறிவிடுவதால் ஈரமும் தானே காய்ந்துவிடும். ரைஃபிள் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குழலைப் பின்பக்கம் அடைக்கும் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நீங்களும் அதையே செய்யுங்கள். அப்புறம் துணி, பிரஷ், எண்ணெய், மறுபடி துணி. ஒரே நாளில் முடியும் என்று நினைக்காதீர்கள். நான் ஒரு குழலை ஒன்பது நாள் துடைத்திருக்கிறேன். பத்தாம் நாள் வெள்ளியாக மின்னியதா என்றால் இல்லை, ஆனால் வரிகளின் ஓரம் கத்தி மாதிரித் தெரிந்தது. அது போதும். சாம்பல் நிறமாய்ப் புள்ளி விழுந்த குழல்கள் எத்தனையோ நேராகச் சுடுகின்றன.

சுத்தமானபின் இரண்டு சோதனை. முதலாவது குழல் வாய். குழலைத் துடைக்க உள்ளே விடும் புல்த்ரூ கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்தே வாய்ப்பக்கம் ஒரு ஓரமாக அரைபட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், வட்டம் வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவமா என்று தெரிந்துவிடும். வாய் மட்டும்தான் கெட்டிருக்கிறது என்றால் முழுக் குழலையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. சோவியத் பட்டறைகளில் மொசின்-நாகாந்த் ரைஃபிள்களுக்கு வாயருகே சிறிது தூரம் மட்டும் அகலமாகக் கடைந்து, நல்ல வரி தொடங்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது அளவு. மெத்தென்ற ஈயக் குண்டு ஒன்றைக் குழல் வழியே தள்ளி எடுத்து அளப்பார்கள். இங்கே உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். ஐந்து பள்ளக் குழலில் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு இருக்கும், மைக்ரோமீட்டர் பொய் சொல்லும். இரண்டு பள்ளம் என்றால் நேருக்கு நேர், தப்பே வராது.

கேள்வி: என் குழல் உண்மையாகவே போய்விட்டது, நிபுணரும் பார்த்துவிட்டார். 'பயன்படுத்தாத பழைய இருப்பு' என்று விற்கிறார்களே, அதை நம்பி வாங்கலாமா?

பதில்: நான் நம்பி ஏமாந்தவன். மெழுகுத்தாள், கெட்டிக் கிரீஸ், பார்த்தாலே தொழிற்சாலை வாசனை. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் கிரீஸை உருக்கி எடுத்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தேன். குழலின் நடுவில் மோதிரம் போட்டது போல ஒரு கறுப்பு வளையம். இறுக்கமான துணியைக் கம்பியில் செருகித் தள்ளினால் கைக்கே தெரிந்தது: இறுகி, இறுகி, சட்டென்று ஒரு விரற்கடை தூரம் தளர்ந்து, மறுபடி இறுகியது. அந்த இடத்தில் குழல் உள்ளுக்குள் வீங்கியிருக்கிறது. எப்போதோ உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கும்போது யாரோ சுட்டிருக்கிறார்கள். விற்றவர் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. அதன்பின் அந்தத் துணிச் சோதனையைச் செய்ய விடாத ஆளிடம் நான் எதுவும் வாங்குவதில்லை.

இன்னொன்று, பெயர் ஒன்று என்பதற்காகக் குழல் பொருந்தாது. லீ-என்ஃபீல்டிலேயே 1ஆம் எண் ரைஃபிளின் குழல் 4ஆம் எண்ணுக்குப் போகாது. ஜெர்மன் மாசர் 98 ரைஃபிளில் குழலின் பின்முனை, குழல் திருகி நிற்கும் உடற்பகுதியான ரிசீவருக்கு உள்ளே இருக்கும் வளையத்தில் முட்டி நிற்கும். வெளித்தோள் முட்டுகிறதா என்று மட்டும் பார்த்து இறுக்கினால் வேலை கெட்டது. சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மத்தியச் சட்டத்தில் ரிசீவர்தான் துப்பாக்கி, குழல் வெறும் பாகம். பிரிட்டனில் வெறும் குழலுக்கே சான்றிதழ் வேண்டும்.

கேள்வி: என்னிடம் நல்ல லேத் இருக்கிறது. குழலை நானே செய்துவிட்டால் என்ன?

பதில்: வேண்டாம். லேத் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். குழல் என்பது துளை போட்ட கம்பி இல்லை. அவ்வளவு நீளத்துக்குத் துளை விலகாமல் போக வேண்டுமென்றால் அதற்கென்றே ஒரு துளைப்பான், அழுத்தத்தில் எண்ணெய் பாயும் இயந்திரம். அப்புறம் வரிப்பள்ளம். ஒரு சின்ன வெட்டு முனையை இழுத்து இழுத்து மயிரிழை மயிரிழையாகச் சீவுவது பழைய முறை. கடினமான பொத்தானைத் துளை வழியே இழுத்து உலோகத்தை நெரித்து வரி பதிப்பது ஒரு முறை. தண்டு ஒன்றை உள்ளே வைத்து வெளியிலிருந்து சுத்தியலால் அடித்தே உருவாக்குவது இன்னொன்று. அது ஜெர்மனியில் வளர்ந்தது. எல்லாமே குழல் செய்வதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களின் வேலை.

வரியின் வடிவம்கூட விளையாட்டில்லை. 1888-ல் வந்த பிரிட்டிஷ் லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளில் வில்லியம் மெட்ஃபோர்டின் ஏழு ஆழமில்லாத, ஓரம் மழுங்கிய பள்ளங்கள். கரி வெடிமருந்தின் பிசுக்கு ஒட்டாமல் இருக்க அருமையான யோசனை. கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது, அதன் சூடு அந்தப் பள்ளங்களை அரித்துத் தின்றுவிட்டது. 1895-ல் ஐந்து ஆழமான என்ஃபீல்ட் பள்ளத்துக்கு மாறினார்கள். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதுவும் இடப்பக்கமாக. ஒரு அரசாங்கமே தப்பு செய்து திருத்திய விஷயம் இது.

அப்படியும் குழல் செய்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அழுத்தச் சோதனை யார் செய்வது? பர்மிங்காமில் 1813 முதல் அதற்கென்றே ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. வழக்கமான அழுத்தத்தைவிடச் சுமார் கால் பங்கு கூடுதலாக வைத்து, ஆள் பக்கத்தில் நிற்காமல் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை. நீங்கள் அந்தச் சோதனையைக் கன்னத்தை வைத்துக்கொண்டு செய்யப் போகிறீர்களா? பழைய குழலைக் கழற்றாமல் அப்படியே குழல் செய்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பொருத்துவதும் அவர் வேலைதான். லீ-என்ஃபீல்டின் குழல் அடிப்பகுதியில் மேலே ஒரு தட்டை முகம் உண்டு. குழல் இறுகி நிற்கும்போது அந்தத் தட்டை நேர் மேலே வந்து நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றாலும் முன் குறிமுள் சாய்ந்துவிடும்.

கேள்வி: குழல் மாற்றினால் அது அசல் ரைஃபிள் இல்லையே? சேகரிப்பாளர்கள் மதிப்பார்களா?

பதில்: ராணுவத்துக்குக் குழல் என்பது செருப்பு மாதிரி, தேய்ந்தால் மாற்றுவார்கள். பின்லாந்துக்காரர்கள் கைக்கு வந்த பழைய ரஷ்ய மொசின்களின் தேய்ந்த குழல்களைக் கழற்றி எறிந்துவிட்டு சுவிட்சர்லாந்தின் சிக் நிறுவனத்திடமும் ஜெர்மனியிலும் குழல் வாங்கிப் போட்டார்கள். அப்படிப் பிறந்த எம்/24 ரைஃபிளுக்கு 'லோட்டா ரைஃபிள்' என்றே பெயர். லோட்டா ஸ்வார்ட் என்ற பெண்கள் அமைப்பு அதற்கு நிதி திரட்டிக் கொடுத்தது. இன்று சேகரிப்பாளர்கள் அதை விரும்பித் தேடுகிறார்கள். குழல் மாற்றியதை மறைத்து விற்பதுதான் அசிங்கம். கழற்றிய பழைய குழலில் எண்ணும் தேதியும் பொறித்திருக்கும். எண்ணெய் தடவித் துணியில் சுற்றி ரைஃபிளோடே வையுங்கள், சட்டம் இடம் கொடுத்தால்.

கேள்வி: தோட்டாவின் பின்பக்கம் ஒட்டுநாடா ஒட்டி ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) பார்க்கலாம் என்கிறார்களே?

பதில்: நாடா நசுங்கும், அதற்கென்றே செய்த எஃகு அளவுகோல் (கேஜ்) நசுங்காது. லீ-என்ஃபீல்டின் .303 தோட்டாவுக்கு 0.064 அங்குல அளவுகோலில் போல்ட் மூட வேண்டும், 0.074-ல் மூடக்கூடாது. மூடிவிட்டால் 4ஆம் எண் ரைஃபிளுக்கு, போல்ட்டின் முனையில் கழற்றி மாட்டும் போல்ட் தலை 0 முதல் 3 வரை எண் போட்டு வருகிறது. ஒரு எண் பெரியதை மாட்டி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 3-லும் மூடுகிறது என்றால் சுடாதீர்கள்.