வசியம் வைத்து வாங்கிய நெல்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ விளையாடுகிறோம்; ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கற்பனை விளையாட்டு அது. சென்ற ஆட்டத்தில் எங்கள் மந்திரவாதி ஒரு நெல் வியாபாரியை வசிய மந்திரத்தால் மயக்கி, மூட்டைகளை அரை விலைக்கு வாங்கிவிட்டார். இனி வயலின் விளைச்சலை மந்திரத்தால் இரட்டிப்பாக்கி விற்கவும் எண்ணியிருக்கிறார். கமக்காரர் மகளாக ஆடும் தோழி, இரண்டுமே அநியாயம் என்கிறார். மற்றவர்கள் ‘கற்பனைதானே’ என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: வசியத்தைப் பொறுத்தவரை நான் உங்கள் தோழியின் பக்கம். பேரம் பேசுவதில் குற்றமில்லை. ஆனால் விலை பிடிக்காவிட்டால் ‘தரமாட்டேன்’ என்று சொல்ல விற்பவருக்கு இயல வேண்டும். அந்த வார்த்தையையே பறித்துவிடும் மந்திரத்தின் பின், அவர் தம் கையாலேயே தூக்கிக் கொடுத்தாலும் அது களவெடுத்த மூட்டைதான். இந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதியும் இதைத் தெரிந்தே எழுதப்பட்டிருக்கிறது: ஒரு மணித்தியாலத்தில் வசியம் தீர்ந்ததும், தம்மை மயக்கியவர் யார் என்பது மயங்கியவருக்குத் தெரிந்துவிடும். கதையை நடத்துபவர் இதைக் கடந்து போகக்கூடாது. அந்த வியாபாரி மறுநாள் சந்தையில் என்ன சொல்வார், மந்திரவாதியை நம்பி இனி யார் படி அளப்பார் என்பதெல்லாம் ஆட்டத்துக்குள் வரட்டும். மீதி அரை விலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழியும் திறந்திருக்கட்டும். வியாபாரி கற்பனை என்பது உண்மை, ஆனால் மனம் நொந்த தோழி கற்பனை அல்லவே.

பொருளின் மீது செய்யும் மந்திரம் வேறு. உடைந்த பானையை மந்திரத்தால் ஒட்டி, ஒட்டியதைச் சொல்லி விற்றால் அது தொழில். மறைத்து விற்றால் ஏமாற்று.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது விளைச்சல் மந்திரம். எட்டு மணித்தியாலம் ஓதினால், சுற்றிலும் அரை மைல் தூரம்வரை உள்ள பயிரெல்லாம் ஓராண்டுக்கு இருமடங்கு விளைச்சல் தரும். அது ஏறக்குறைய 500 ஏக்கர். மந்திரம் வரம்பு பார்ப்பதில்லை என்பதால் அயல் வயல்களும் செழிக்கும். கேட்காமல் செய்த உதவிக்கு அந்தக் கமக்காரரிடம் கூலி கேட்பது நியாயமில்லை. வட்டத்துக்கு வெளியே இருப்பவரின் நிலைதான் கடினம். காலபோக அறுவடையில் எல்லோருடைய நெல்லும் ஒரே நேரத்தில் களத்துக்கு வரும்போது விலை எப்படி விழும் என்பதும், கடன்பட்டு விதைத்தவரால் விலை ஏறும்வரை நெல்லை வைத்திருக்க முடியாது என்பதும் வன்னியில் எல்லோரும் அறிந்தவை. அந்த நேரத்தில் இருமடங்கு நெல் சந்தையில் கொட்டப்பட்டால், எவரும் ஏமாற்றப்படாமலே, வெளியே இருப்பவரின் உழைப்பு பாதி விலைக்குப் போய்விடும். ஆகவே இதனைக் களவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தனியொருவர் தம் விருப்பப்படி செய்துவிடக்கூடிய காரியமும் அல்ல.

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை, இருக்கும் தண்ணீரைப் பார்த்து முன்கூட்டியே கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள். உங்கள் கதையின் ஊரிலும் மந்திரம் ஓதுமுன் அப்படியொரு கூட்டத்தை வையுங்கள். மந்திரத்தின் பலன் ஓராண்டுதான் என்பதால், ஆண்டுதோறும் வட்டத்தின் நடுவிடத்தை மாற்றி எல்லோருக்கும் முறை கொடுக்கலாம். மிகுதி நெல்லைப் பஞ்சம் வந்த தூரத்து நகரத்துக்கு வண்டியேற்றலாம். முதல் முறை யாருக்கு என்பதில் சண்டை வரும். அந்தக் கூட்டத்தில் உங்கள் தோழியின் பாத்திரத்தை முதலில் பேச விடுங்கள்.