பேக்கப் வேனில் ஒரு கல்யாண நாள்

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 51. ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன். சில வருடங்களாக ஞாயிறுதோறும் நண்பர்களோடு ஈசிஆரில் மகாபலிபுரம் வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறேன். குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணமான பிஆர்எம்மில் 200 கிலோமீட்டரையும் நேரத்துக்குள் முடித்திருக்கிறேன். வரும் தை மாதம் எங்களுக்கு 25ஆவது கல்யாண நாள். அதற்காக, வழிகாட்டியோடு போகும் சைக்கிள் டூர் ஒன்றில் சேர ஆசை. மேட்டுப்பாளையத்தில் தொடங்கி நீலகிரியில் ஐந்து நாள் சுற்றுவது ஒன்று. காரைக்குடியில் தங்கி செட்டிநாட்டில் நான்கு நாள் சுற்றுவது இன்னொன்று. செட்டிநாடு எனக்கு ரொம்பச் சுலபமாகிவிடுமோ என்று யோசனை. அல்லது லீவைச் சேர்த்துவைத்து அடுத்த வருடம் இமயமலையில் மணாலி–லே சாலையில் போகலாமா? மனைவியும் வருகிறாள். அவளைப் பற்றிப் பிரச்சினை இல்லை, சைக்கிள்களோடு துணைக்கு வரும் பேக்கப் வேனில் வந்துவிடுவாள். (புதுக்கோட்டைப் பெண். கல்யாணத்துக்கு முன் சைக்கிள் ஓட்டியவள்தான், அப்புறம் விட்டுப்போயிற்று.) அம்மாவும் எங்களோடு இருக்கிறார், வயது 78. என் திறமைக்கு எந்த டூர் பொருத்தம்?
– வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதம் எனக்கு அடிக்கடி வரும். சில சமயம் சைக்கிள், சில சமயம் புல்லட், சில சமயம் மலையேற்றம். எழுதுகிறவர் தன் முட்டி, தன் லீவு, தன் பணம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருப்பார். வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வரி இருக்கும், அதுவும் கடைசியில். நீங்கள் அந்த வரியையும் அடைப்புக்குறிக்குள் போட்டுப் பூட்டிவிட்டீர்கள்.

நான் அதைத் திறந்துதான் பேசப் போகிறேன். புதுக்கோட்டைப் பெண் என்கிறீர்களே, எந்த வருடத்துப் புதுக்கோட்டைப் பெண்? கல்யாணமாகி 25 வருடம் என்றால் 1990களின் தொடக்கத்தில் அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். அப்போது அந்த மாவட்டத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துக் கற்றுக்கொள்வதோடு சைக்கிள் கற்றுக்கொள்வதையும் சேர்த்தார். விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறினார்கள், முன்பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு. கேலி பேசியவர்களைக் கண்டுகொள்ளவில்லை. அந்த ஊரில் அந்தக் காலத்தில் சைக்கிள் ஓட்டிய பெண்ணைப் பற்றி ‘ஓட்டியவள்தான்’ என்று இழுக்கிறீர்கள்!

‘விட்டுப்போயிற்று’ என்றால் தானாகவா விட்டுப்போனது? கல்யாணமாகி வந்த வீட்டில் அவருக்கென்று ஒரு சைக்கிள் இருந்ததா? கடைக்குப் போகவாவது யாராவது வாங்கிக் கொடுத்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் நீங்கள் ஈசிஆருக்குக் கிளம்பலாம். வீட்டில் 78 வயது மாமியாருக்குக் காபியும் மாத்திரையும் கொடுக்க ஒருவர் இருப்பதால்தானே? உங்களுக்கு மகாபலிபுரம் போய்வரும் கால் வளர்ந்ததில் அவர் வீட்டிலிருந்த காலைப்பொழுதுகளும் சேர்ந்திருக்கின்றன.

அந்த வேனில் என்ன நடக்கும் தெரியுமா? கடைசியில் வரும் சைக்கிளுக்குப் பின்னால் அது ஊர்ந்து வரும். இல்லாவிட்டால் முன்னால் போய் ஒரு வளைவில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். உள்ளே டிரைவர், மெக்கானிக், டியூப், பம்பு, தண்ணீர் கேன், வாழைப்பழத் தார். உங்கள் மனைவி அறிமுகமில்லாத ஆட்களுக்கு வாழைப்பழமும் பாட்டிலும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு வருவார். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே, கொஞ்சம் உதவட்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். மலைவளைவுகளில் தலைசுற்றல் தனி. வீட்டில் செய்வதையே ஊட்டிக் குளிரில் செய்யவைப்பதற்குப் பெயர் கல்யாண நாளா? 25 வருடம் சேர்ந்து வாழ்ந்ததைக் கொண்டாடுகிறவர், சேர்ந்து போகிற வேகத்தில் போக வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் திறமைக்கு வருகிறேன். அதையும் கொஞ்சம் கூடுதலாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பிஆர்எம்மில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். முடித்தது நல்ல விஷயம்தான், ஆனால் உங்களுக்குப் பழக்கமான சாலை தட்டை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பரங்கிமலையே 300 அடிதான். வாரா வாரம் நீங்கள் ஏறும் பெரிய ஏற்றம் ஏதாவது ஒரு மேம்பாலமாக இருக்கும். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர்தானே, ஈசிஆரில் பாதி என்று கணக்குப் போட்டால் குன்னூருக்கு முன்பே நீங்களும் வேனுக்குள் வந்துவிடுவீர்கள், மனைவிக்குப் பேச்சுத்துணைக்கு. எந்த டூராக இருந்தாலும் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மீட்டர் ஏற்றம் என்று கேளுங்கள். அதற்கு எண் சொல்லத் தெரியாமல் ‘சூப்பரா இருக்கும் சார்’ என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

மணாலி–லே பேச்சை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம். அந்த வழியிலுள்ள தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான், அந்த உயரம் யாரைப் படுத்தும் என்பதற்கும் கால் பலத்துக்கும் சம்பந்தமில்லை. ஆசை இருந்தால் வேறொரு வருடம் நண்பர்களோடு போங்கள்.

ஆகவே செட்டிநாடு. அதுவும் மனைவி சரி என்றால் மட்டும். ‘சர்ப்ரைஸ்’ என்று நீங்களே பதிவு செய்துவிட்டு வந்து நிற்காதீர்கள். அவர் சார்பில் நீங்கள் முடிவு செய்ததால்தான் இந்தப் பதிலே இவ்வளவு நீளம். சைக்கிள் வேண்டாம், எனக்கு ராமேஸ்வரம் போக வேண்டும் என்று அவர் சொன்னால் ராமேஸ்வரம்தான். நீலகிரியை வேறு மாதத்தில் நண்பர்களோடு வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சரி என்று சொன்னால், செட்டிநாடு அவருக்கு நன்றாகப் பொருந்தும். பெரிய ஏற்றம் கிடையாது. கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறைகள் என்று இறங்கிப் பார்க்க நிறைய இருப்பதால் நாளுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தேவைப்படாது. தை மாதத்தில் மழை ஓய்ந்து வெயிலும் தணிந்திருக்கும். கானாடுகாத்தானிலிருந்து வடக்கே திருமயம் கோட்டைக்குப் போனால் அவருடைய சொந்த மாவட்டம். அங்கே வழிகாட்டி அவராகவே இருக்கட்டும். உங்களுக்கு ரொம்பச் சுலபம் என்றீர்களே, ஒரு நாள் முழுக்க அவருக்குப் பின்னாலேயே, அவர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். விர்ரென்று முன்னால் போய் ஆலமரத்தடியில் போன் பார்த்துக்கொண்டு காத்திருப்பதைக் கூடவே வந்த கணக்கில் சேர்க்க முடியாது.

டூர் நடத்துகிறவரிடம் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. கடைசி ஆளோடு ஒருவர் கூடவே வருவாரா, அல்லது பின்தங்கினால் வண்டியில் ஏற்றிவிடுவார்களா? அரை நாள் மட்டும் ஓட்டலாமா? பெண்கள் ஒதுங்க நல்ல கழிப்பறை எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று வரும்? இதை ஆண்கள் யாரும் கேட்பதில்லை, பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே சமாளித்துவிடுவார்கள், அப்புறம் வெயிலில் மயக்கம் வரும். கூட வருகிறவர்கள் யார் என்றும் விசாரியுங்கள். பந்தய சைக்கிள்காரர்கள் எட்டுப் பேரோடு இவர் ஒருவர் என்றால் வேண்டாம். அவருடைய உயரத்தைச் சொல்லி அதற்கேற்ற சைக்கிள் இருக்கிறதா, கியர் உள்ளதா, சுடிதாரோடு சுலபமாக ஏறி இறங்கலாமா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சீட் உயரம் தவறினால் இரண்டாம் நாளே முட்டி வலிக்கும்.

பழக்கம் விட்டுப் பல வருடமானவர் நேரே போய் நான்கு நாள் ஓட்ட முடியாது. பேலன்ஸ் மறக்காது. உட்காருமிடமும் முதுகும்தான் வலிக்கும். முதலில் உங்கள் தெருவில், அப்புறம் ஞாயிறு அதிகாலை வண்டி குறைவாக இருக்கும்போது பெசன்ட் நகர் வரை என்று மெதுவாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் அதிக தூரம் ஓட்டுவதைவிட அடுத்தடுத்து இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது முக்கியம். நான்கு நாள் டூரில் உடம்பைச் சோதிப்பது இரண்டாம் நாள் காலைதான். ஐப்பசி, கார்த்திகையில் வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் நின்றால் பயிற்சி கெடும், அதனால் இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் ஈசிஆர் ஞாயிறுகளைச் சில மாதம் தியாகம் செய்யுங்கள். நண்பர்கள் கேலி செய்தால் செய்யட்டும்.

இன்னொன்று. அந்த நான்கு நாளும் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மனைவி யோசித்துவைத்திருப்பார் என்று விட்டிருப்பீர்கள். பெற்ற தாயைப் பற்றிய ஏற்பாடு மகன் செய்ய வேண்டியது. அக்காவோ தம்பியோ இருந்தால் இன்று இரவே போன் போடுங்கள். அம்மாவுக்கு மாத்திரை எந்த வேளைக்கு எது என்று உங்கள் கைப்பட எழுதிவையுங்கள். நடுவில் ‘இந்தா, நீயே பேசு’ என்று போனை மனைவியிடம் நீட்டிவிடாதீர்கள்.