வேலி பொது, பாத்தி தனி: பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரு காய்கறித் தோட்டம்

கேள்வி: சிவகங்கை மாவட்டக் கிராமம் ஒன்றில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சுயஉதவிக் குழு நடத்துகிறோம். ஊர்க்காரர் ஒருவர் கிணற்றோடு அரை ஏக்கர் தரிசு நிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தருகிறார். வீட்டுக்கு வேண்டிய காய்கறியை நாங்களே விளைவிக்க ஆசை. பக்கத்து ஊரில் இப்படித் தொடங்கிய குழு ஆறே மாதத்தில் கலைந்துபோனது. நாங்கள் எப்படித் தொடங்குவது?

பதில்: இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் மண்ணாலோ பூச்சியாலோ கலைவதில்லை. பங்கு பிரிப்பதில்தான் கலைகின்றன. ஒருவர் தினமும் தண்ணீர் பாய்ச்சுவார், இன்னொருவர் பறிக்கும் நாளில் மட்டும் கூடையோடு வருவார். மனக்கசப்பு வந்துவிட்டால் தோட்டம் நிற்காது. ஆகவே வேலி, தண்ணீர், நாற்றங்கால், விதை, எருக்குழி ஆகியவை பொதுவாக இருக்கட்டும். பாத்தி வீட்டுக்கு வீடு தனியாக இருக்கட்டும். கேரள அரசு 1998-இல் தொடங்கிய பெண்களுக்கான வறுமை ஒழிப்புத் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்கள் குழுவாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சேர்ந்தே பயிரிடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே கடனும் விற்பனையும் உண்டு, வரவு செலவுக் கணக்கும் உண்டு. உங்கள் நோக்கம் அடுப்படி. அதற்குத் தனிப் பாத்தியே பொருந்தும்.

எத்தனை சென்ட் என்பதை நிலத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், கிணற்றைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். வெயில் காலத்தில் காய்கறிக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தேவை. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர், அதாவது 200 லிட்டர். பன்னிரண்டு வீடுகளுக்கும் தலா ஒரு சென்ட் என்றால் 2,400 லிட்டர். மூன்று சென்ட் என்றால் 7,200. சித்திரை, வைகாசியில் ஒரு மாலை நீரை இறைத்துவிட்டு, காலையில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். 10 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் நீர் ஓர் அடி ஏறினால் அது ஏறக்குறைய 2,200 லிட்டர். இரண்டு அடிகூட ஊறாத கிணற்றை நம்பி ஆளுக்கு மூன்று சென்ட் பிரித்துக் கொடுத்தால் கோடையில் சண்டைதான் விளையும். முதல் பருவத்தில் ஆளுக்கு ஒரு சென்ட் போதும் என்பது என் உறுதியான கருத்து. பாத்தியில் வைக்கோலோ சருகோ மூடாக்குப் போட்டால் தண்ணீர் இன்னும் மிச்சமாகும்.

கிணற்று நீரையும் மண்ணையும் முதலிலேயே பரிசோதித்துவிடுங்கள். நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் தோண்டி மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ மண் பரிசோதனை நிலையத்துக்கோ கொண்டுபோங்கள். நீர் உவராக இருந்தால் பயிர்த் தேர்வே மாறிவிடும்.

உங்கள் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடியிலேயே வேலியும் எருவும் தயாராகட்டும். கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டால் நல்ல உயிர்வேலி கிடைக்கும். அது அடர்ந்து வளரும்வரை சீமைக் கருவேல முள்ளை வெட்டி அடைத்துவையுங்கள். ஆடு ஒருமுறை உள்ளே புகுந்தால் ஒரு பருவமே போய்விடும், இதில் சிக்கனம் வேண்டாம். ஆவணிக் கடைசியில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பொது நாற்றங்கால் போடுங்கள். மழையில் நாற்று அழுகாதிருக்க மேட்டுப் பாத்தி அவசியம். அதே வாரம் ஒவ்வொருவரும் தம் பாத்தியில் கீரை விதைக்கட்டும். 25 நாளில் அறுக்கலாம். குழம்புச் சட்டிக்குச் சீக்கிரம் ஏதாவது வந்தால்தான் ஆர்வம் தங்கும். வெண்டை, கொத்தவரை நேரடி விதைப்பு. ஓரங்களில் அகத்தியும் செடிமுருங்கையும் நடுங்கள்.

நாட்டு ரக விதைகளையே வாங்குங்கள். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாய்ச் செடிபோல வராது. ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, நிலம். வாய்ச்சொல் போதாது. தரிசு பண்பட இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்; பண்பட்ட பிறகு திருப்பிக் கேட்டால் உங்கள் உழைப்பு வீண். ஆனால் உழுபவருக்கு உரிமை போய்விடுமோ என்று நில உரிமையாளர்கள் எழுதிக்கொடுக்கத் தயங்குவார்கள். 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் அந்தத் தயக்கத்துக்குக் காரணம். இரு தரப்பும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சேர்ந்து போய், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். முள்வேலி போடுவதற்கு முன்பே இந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.